பம்பாயில் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



வெளியூருக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போகிறவனுக்கு நம் சீனியர்கள் சொல்லித் தராத விஷயமே கிடையாது. சேஃப்டி ஷூ எடுத்துக்கோ, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு வெச்சுக்கோ, எல்லா ஜெராக்ஸிலும் அட்டெஸ்டேஷன் வாங்கிக்கோ... ஆனால் "அங்கே போய் எங்கடா சாப்பிடுவே?" என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நாங்களும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. பசித்தால் சாப்பிட வேண்டியதுதானே! அது அவ்வளவு சுலபமில்லை என்பது பம்பாய் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் ராத்திரியே தெரிந்துவிட்டது. அடுத்து போகப்போகிற ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். (1995-லேயே மும்பை என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் பம்பாய்தான். பழகிய வாய், மன்னிக்கவும்.)

நாங்கள் நாலு பேர். தாணே பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினைந்து நாள் பயிற்சி. தங்கியது தாராவியில், என் பெரியப்பா வீட்டு மாடியறையில். பெரியப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெற்குச் சீமையிலிருந்து பிழைப்புக்காகத் தாராவிக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பெரியம்மா அந்தச் சமயம் ஊருக்கு வந்திருந்ததால் வீட்டில் சமையல் கிடையாது. படுக்க இடம், குளிக்கத் தண்ணீர், மற்றதெல்லாம் வெளியில்தான். சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு இருநூறு ரூபாய் என்று ரயிலிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தோம். எங்களில் ஒருவன் சேலத்துக்காரன். அவன் அம்மா கம்மலை அடகு வைத்துப் பணம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

முதல் ராத்திரி தாதரில் இறங்கியதும் கண்ணில் பட்ட ஒரு ஏ.சி. ஓட்டலுக்குள் நுழைந்தோம். ஹிந்தி தெரியாது. மெனு கார்டில் கை வைத்துக் காட்டினோம். தண்ணீர் என்றோம், நாலு பாட்டிலைத் திறந்து வைத்தார் சர்வர். பில் வந்தபோது நாலு பேருடைய ஒரு நாள் கணக்கும் அந்த ஒரு வேளையிலேயே தீர்ந்திருந்தது.

மறுநாள் சேலத்துக்காரன், "மச்சான், எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்றான். மத்தியானம் ஒன்றும் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஒரு ஸ்டேஷன் வாசலில் கரும்புச் சாறு, ஐஸ் போட்டு இரண்டு கிளாஸ் குடித்தான். மலிவாக வயிறு நிறைந்ததாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தது. விடிவதற்குள் எழுந்து நிற்கவே முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மருந்து, டிரிப்ஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து அவன் பத்து நாள் சாப்பாட்டுக் காசு போய்விட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், அவன் படுத்திருந்த மூன்று நாளில்தான் எங்களை சி.என்.சி. மெஷின் பக்கம் விட்டார்கள். திரும்பவும் விடவில்லை. அவன் சர்டிபிகேட்டில் பன்னிரண்டு நாள் என்றே எழுதிக் கொடுத்தார்கள்.

பெரியப்பா திட்டவில்லை. அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஏலே, இந்த ஊர்ல வீடு இல்லாதவனுக்குன்னே கடை இருக்குலே. அதெல்லாம் விட்டுட்டு ஐஸைக் குடிச்சுட்டு வந்து கெடக்கியே" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குப் பிடித்தது. அதற்கப்புறம் பதிமூன்று நாள் ஞாயிறு, சாயங்காலம் என்று நேரம் கிடைத்தபோதெல்லாம் அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் புரிந்தது இது. பம்பாய் 1850-களில் பஞ்சாலைகள் வந்ததிலிருந்து தனி ஆளாக வந்து இறங்கியவர்களின் ஊர். குடும்பம் கிராமத்தில், ஆள் மட்டும் இங்கே. ஒரு அறையில் பத்துப் பேர். அடுப்பு கிடையாது. அவர்கள் வயிற்றுக்காகத்தான் அந்த ஊரின் மலிவான சாப்பாடு முழுக்க உண்டாயிற்று. ஆகவே கையில் காசு குறைவாக, பாஷை தெரியாமல், பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற நம்மைப் போன்றவனுக்கு அந்தக் கடைகளில் கூச்சமே வேண்டாம். அவை நமக்காகப் போட்ட கடைகள்தான்.

கடைகளுக்குப் போகும் முன் தண்ணீர். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

பம்பாய்க்குத் தண்ணீர் பாட்சா, தான்சா, வைதர்ணா முதலான ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது. பாண்டுப் என்ற இடத்தில் பிரம்மாண்டமான சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும்போது அது நல்ல தண்ணீர்தான். பிரச்சினை வழியில். பெரும்பாலான பகுதிகளில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வராது, சில மணி நேரம்தான். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் அதிகம். அதனால் விரிசல் இருந்தால் உள்ளேயிருந்து வெளியே கசியும். தண்ணீரை நிறுத்தியதும் என்ன ஆகும்? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்தோமே! உள் அழுத்தம் இறங்கிவிடும். வெளியே மண்ணில் சாக்கடை நீரோ மழை நீரோ தேங்கியிருந்தால் அதே விரிசல் வழியாக அது உள்ளே வரும். அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். நாங்கள் போனது ஜூன் மாதம், மழை பிடித்த வாரம். கேட்க வேண்டுமா!

பெரியப்பா வீட்டில் வழக்கம் என்னவென்றால், தண்ணீர் வரும்போது முதல் இரண்டு மூன்று குடம் துணி துவைக்க. அப்புறம் பிடிப்பது குடிக்க, அதையும் கொதிக்க வைத்துத்தான். அவர் மேல்நாட்டுப் புத்தகம் எதுவும் படித்தவரில்லை. தாராவியில் முப்பது வருஷம் இருந்தவர், அவ்வளவுதான். நாங்களும் தினம் காலையில் ஆளுக்கு இரண்டு பாட்டில் கொதித்து ஆறிய தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். அது தீர்ந்தால் ஸ்டேஷனில் ரயில் நீர் பாட்டில். லிட்டர் பதினைந்து ரூபாய்க்குள் அடங்கும். ஓட்டலில் உட்கார்ந்தால், வாய் திறப்பதற்கு முன்பே பாட்டிலைத் திறந்துவிடுவார்கள். "சாதா பானி" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சாதாத் தண்ணீர் இலவசமாக வரும். குடிப்பதா வேண்டாமா என்பது ஓட்டலைப் பார்த்து நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. நாங்கள் எங்கள் பாட்டிலையே குடித்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐஸ் கதை தனி. மீனைப் பதப்படுத்தும் ஐஸ் வேறு, குடிக்கும் ஐஸ் வேறு. முதல் வகைக்குக் குடிநீர்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, விலையும் குறைவு. சில வியாபாரிகள் இதைச் சாற்றுக்கடைக்கு வாங்கிவிடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் 2018-ல் மகாராஷ்டிர அரசின் உணவு மருந்து நிர்வாகம், சாப்பிடக் கூடாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நல்ல யோசனை. ஆனால் உடைத்துத் தூளாக்கி, கலர் சர்பத்தில் போட்ட பிறகு நீலமா வெள்ளையா என்று எவன் கண்டான்? 2019-ல் குர்லா ஸ்டேஷனில் எலுமிச்சை சர்பத் தயாரித்த விதத்தை யாரோ மேலிருந்து படம் பிடித்து அது ஊரெல்லாம் பரவியது. மத்திய ரயில்வே உடனே தன் ஸ்டேஷன்களில் திறந்த பானையில் கலக்கும் சர்பத்துகளை நிறுத்தியது. கரும்புச் சாறு மேல் எனக்குப் பகை கிடையாது. "பரஃப் நஹி" என்று சொல்லுங்கள், கண் எதிரே கரும்பைக் கழுவிப் பிழிகிற கடையாகப் பாருங்கள். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம்.

இனி சாப்பாடு. முதலில் நாங்கள் பயந்து ஒதுங்கி, பிறகு அதிலேயே விழுந்து கிடந்த வடா பாவ்.

உருளைக்கிழங்கு போண்டாவை ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பதில் என்ன பிரமாதம் என்று நானும் கேட்டவன்தான். 1966-ல் தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர் இதைத் தொடங்கினார் என்கிறார்கள். ஆலைக்குப் போகிறவன் ரயில் பிடிக்கிற அவசரத்தில், நின்றுகொண்டே, ஒரு கையால், இலை தட்டு எதுவும் இல்லாமல் சாப்பிட முடிகிற பண்டம் அது. 1982-ல் பஞ்சாலை வேலைநிறுத்தம் வந்தது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். ஆலைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. வேலை போன பலர் வடா பாவ் வண்டி போட்டுத்தான் பிழைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனே போடுகிறவனாக ஆன கதை. வண்டியின் முன் நிற்கும்போது இதை நினைத்தால் எனக்கு ஏனோ ஒரு மாதிரி இருக்கும்.

வயிற்றுக் கணக்கில் பார்த்தாலும் இது நல்ல பண்டம். வடை கொதிக்கிற எண்ணெயிலிருந்து நேரே கைக்கு வருகிறது. கவனிக்க வேண்டியது சட்னியை. பச்சைச் சட்னி தண்ணீர் விட்டு அரைத்தது, கொதிக்காதது. "சுக்கா" என்று கேட்டால் பூண்டும் மிளகாயும் தேங்காயும் இடித்த உலர்ந்த பொடி தருவார்கள். மழைக்காலத்தில் அது போதும். ருசியும் அதில்தான் என்பது என் கட்சி. வடை ஏற்கெனவே போட்டுக் குவித்து வைத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். கூட்டம் இருக்கிற வண்டியில் குவியவே நேரமிருக்காது. பெரியப்பா இதற்கும் ஒரு படி மேலே போவார்: "கூட்டம் மட்டும் பாக்காதலே. தெனமும் வாரவன் நிக்கானா, வெளியூர்க்காரன் நிக்கானான்னு பாரு. தெனமும் வாரவனுக்குக் கெட்டதைப் போட்டா மறுநாள் வண்டி இருக்காது." தாதர் மேற்கில் சபில்தாஸ் பள்ளிக்கூடச் சந்தில் ஒரு வடைக் கடைக்கு நாள் முழுக்க ஆள் நிற்கும். நாங்கள் போனபோது சாதாரண வண்டிகளில் இருபது ரூபாய்க்குள் ஒன்று கிடைத்தது. இரண்டு சாப்பிட்டால் மத்தியானம் வரை தாங்கும். ஆனால் மூன்று வேளையும் இதையே சாப்பிட்டால் வேறு விதமான தொந்தரவு வரும், அதை விளக்கமாக எழுத ஆண்டு மலர்க் குழு அனுமதிக்காது!

டீ எங்கும் கிடைக்கும். "கட்டிங்" என்று கேளுங்கள், அரை கிளாஸ். இஞ்சியோடு கொதித்துக்கொண்டே இருக்கும், பயமில்லாமல் குடிக்கலாம். ஆனால் உட்கார்ந்து குடிக்க வேண்டுமென்றால் இரானிக் கடை. ஈரானிலிருந்து பஞ்சத்துக்கும் கெடுபிடிக்கும் தப்பி வந்த ஜரதுஷ்டிர மதத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் போட்ட டீக்கடைகள் அவை. தெருமுனை மனை ராசியில்லை என்று மற்ற வியாபாரிகள் ஒதுக்கியதை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டு பக்கமும் வாசல், பளிங்குக்கல் மேஜை, வளைந்த மர நாற்காலி. ஒரு காலத்தில் முனைக்கு முனை இருந்தவை இப்போது எண்ணிவிடக்கூடிய அளவுக்குக் குறைந்துவிட்டன. மெட்ரோ சினிமாவுக்கு எதிரே இருக்கும் கயானி 1904-ல் தொடங்கியது. பன் மஸ்கா என்றால் மெத்தென்ற பன்னில் வெண்ணெய். ப்ரூன் மஸ்கா என்றால் மேலோடு கல் மாதிரி இருக்கும். அதைக் கடிக்காதீர்கள், டீயில் முக்கிச் சாப்பிட வேண்டும். நான் கடித்தேன்! ஒரு டீயை வைத்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். எங்கள் டிரெயினிங் ரிப்போர்ட்டின் பாதியை அங்கேதான் எழுதினோம்.

சேலத்துக்காரன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவனைக் கூட்டிக்கொண்டு போனது மாட்டுங்காவுக்கு. தாராவியிலிருந்து நடந்தே போகலாம். அங்கே கிழக்குப் பக்கம் தமிழ்க் குரல் கேட்கும், பூக்கடையில் கதம்பம் தொங்கும், காப்பிப் பொடி வாசனை வரும். ஸ்டேஷன் எதிரே முதல் மாடியில் உடிப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த ராமா நாயக் 1942-ல் தொடங்கியது. அவரும் தென்னாட்டிலிருந்து தனியாக வந்து ஆபீஸில் வேலை பார்த்த குமாஸ்தாக்களை நம்பித்தான் தொடங்கினார். வாழை இலை, சாதம், சாம்பார், ரசம், மோர். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தபோது சேலத்துக்காரன் கண் கலங்கியது. காரம்டா என்றான். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். அன்றைக்கு ராத்திரி படுக்கையில்தான் கம்மல் விஷயத்தைச் சொன்னான். மறுநாளிலிருந்து சாப்பாட்டுக் காசை நாலு பேரும் ஒரே பையில் போட்டுச் செலவழித்தோம். எவ்வளவு யாருடையது என்று கடைசி வரை எண்ணவில்லை.

கிங்ஸ் சர்க்கிளில் 1940-லிருந்து இருக்கும் கஃபே மெட்ராஸ் இன்னும் பிரபலம். ஞாயிற்றுக்கிழமை போனால் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். டிபனும் ஃபில்டர் காப்பியும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பம்பாயில் மற்ற இடங்களில் "உடுப்பி" என்று போர்டு பார்த்துவிட்டு நம்மூர் சாம்பாரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பல கடைகளில் வெல்லம் தூக்கலாக இருக்கும். அந்த மாதிரிக் கடையில் கேட்க வேண்டியது "ரைஸ் பிளேட்". பூரி அல்லது சப்பாத்தி, இரண்டு காய், பருப்பு, சாதம், அப்பளம். மத்தியானத்துக்கு அதைவிடக் கட்டுப்படியாகிற சாப்பாடு கிடையாது. இன்னொன்று, காலையில் சைக்கிளில் பாத்திரம் கட்டிக்கொண்டு பாம் பாம் என்று ரப்பர் ஹாரன் அடித்துக்கொண்டு இட்லி விற்பார்கள். பம்பாய் முழுக்கத் திரிகிற அந்த இட்லிக்காரர்களில் நிறையப் பேர் தாராவியில் குடியிருக்கிற நம் ஆட்கள். தமிழில் கேட்டால் இன்னும் ஒரு இட்லி சேர்ந்து விழும்.

நாங்கள் எதிர்பார்க்காத ருசி மராத்திச் சாப்பாட்டில் இருந்தது. பம்பாய் போய் இட்லி தேடுகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். "காணாவள்" என்று ஒரு வார்த்தை உண்டு, நம்மூர் மெஸ் மாதிரி. ஆலைத் தொழிலாளிகளுக்கு மாதக் கணக்கில் சமைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். தன் வீட்டு அடுப்பில் தன் குடும்பத்தோடு சேர்த்து இன்னும் பத்து பதினைந்து ஆண்களுக்கும் பாக்ரி தட்டியவர்கள். சம்பளம் வந்தால்தான் அவர்களுக்குக் காசு, அதுவரை மளிகைக் கடன் வட்டிக்கு. 1975-ல் பிரேமா புரவ் என்பவர் இந்தப் பெண்களைத் திரட்டி அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பைத் தொடங்கி, வங்கிக் கடன் கிடைக்கச் செய்தார். ஆலைகள் போனபின் காணாவள்களும் குறைந்துவிட்டன. ஆனால் அந்தச் சமையல் இருக்கிறது. சோள பாக்ரியும் கடலை மாவில் கிண்டிய பிட்லாவும் சாப்பிட்டுப் பாருங்கள், நாலு மணி நேரம் பசிக்காது. மிசள் என்றால் முளைகட்டிய பயறுக் குழம்பின் மேல் மிக்சர் தூவி, பாவோடு தருவது. "திக்கா கம்" என்று சொல்லாவிட்டால் காது அடைத்துவிடும்.

தாதர் மேற்கில் ஆஸ்வாத், பிரகாஷ், 1910-லிருந்து இருக்கும் மாமா காணே என்று மராத்தி டிபன் கடைகள் கிட்டத்தட்ட நடக்கிற தூரத்தில். இவற்றில் ஒன்றில்தான் அந்தச் சம்பவம். பக்கத்து மேஜையில் ஒரு அம்மா விரத நாள் என்று ஏதோ வெள்ளையாக, பொலபொலவென்று, வேர்க்கடலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சேலத்துக்காரன் உற்றுப் பார்த்தான். "டேய்... ஜவ்வரிசிடா!" என்று கத்திவிட்டான். கடையே திரும்பிப் பார்த்தது. சாபுதானா கிச்சடி. நாட்டின் ஜவ்வரிசி உற்பத்தியில் பெரும்பங்கு சேலம் வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்துதான். சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே 1981-லிருந்து சேலத்தில் இருக்கிறது. அங்கே அரைத்துக் காய வைத்தது இங்கே ஏகாதசிக்கு வேகிறது. நம்மூரில் நாம் பாயசத்தில் போடுவதோடு சரி. அவன் அன்று இரண்டு பிளேட் சாப்பிட்டான். சர்வரிடம் கையைக் காட்டி, "சேலம்! மேரா காவ்!" என்று சொன்னான். அவருக்கு என்ன புரிந்ததோ, கூடவே ஒரு கரண்டி தயிர் கொண்டுவந்து வைத்தார்.

அசைவக்காரர்களுக்குச் சுருக்கமாக. மால்வணி என்று போட்ட கடைகளில் மீன் சாப்பாடு, கூடவே புளிப்பான இளஞ்சிவப்பு நிறத்தில் சோல்கடி. கோகம் பழமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்தது, மீனுக்கு அப்புறம் வயிற்றை ஆற்றும். முகமது அலி ரோட்டில் மினாரா மசூதிப் பக்கம் ரம்ஜான் மாத ராத்திரிகளில் தெருவே அடுப்பாக இருக்கும் என்றார் பெரியப்பா. நாங்கள் போனது அந்த மாதம் இல்லை, கீமா பாவோடு திருப்திப்பட்டோம். மகாராஷ்டிரத்தில் 2015-லிருந்து காளை, எருது வெட்டத் தடை. எருமை இறைச்சி உண்டு. "படே கா" என்றால் அதுதான். சாப்பிடாதவர்கள் உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

'குடிக்க' என்றதும் கண் விரிகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்தில் பீர், ஒயினுக்கு 21 வயது, மற்றதுக்கு 25. அதற்கு மேல் சட்டப்படி பர்மிட் வேறு வேண்டும். சோல்கடியே போதும்.

கடையில் நடந்துகொள்ளும் விதமும் கொஞ்சம் உண்டு. நின்று சாப்பிடுகிற இடங்களில் முதலில் காசு கட்டிக் கூப்பன் வாங்க வேண்டும். விலை எழுதியிராவிட்டால் "கித்னா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும். கேட்க வெட்கப்பட்டதால்தான் முதல் ராத்திரி மாட்டினோம். வடா பாவ் வண்டியில்கூட ஸ்கேன் பண்ணிக் காசு அனுப்பலாம். ஆனால் செல்போன் சார்ஜ் இறங்கிவிட்டால் நடுத்தெருவில் பட்டினிதான். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். உங்களை யாராவது "அண்ணா" என்று கூப்பிட்டால் மரியாதையாகவும் இருக்கலாம், மதராஸி என்று அடையாளம் கண்டுகொண்டதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிரித்துவிடுவது நல்லது.

சர்ச்கேட் ஸ்டேஷன் வாசலில் பதினொன்றரை மணி வாக்கில் நின்றால் டப்பாவாலாக்களைப் பார்க்கலாம். வெள்ளைத் தொப்பி, தலையில் நீளமான மரத்தட்டு, அதில் வரிசையாகச் சாப்பாட்டுக் கேரியர். 1890-லிருந்து நடக்கிற வேலை. முகவரி எழுதுவதில்லை. மூடியில் நிறமும் எழுத்தும் எண்ணும்தான். எந்த ஸ்டேஷனில் ஏறி எந்தக் கட்டடத்தின் எந்த மாடிக்குப் போகிறது என்பது அதிலேயே இருக்கிறது. புரொடக்‌ஷன் மேனேஜ்மென்ட் பேப்பருக்குப் படிக்கிறவர்கள் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். 2020-ல் கொரோனா வந்து ஆபீஸ்கள் மூடியபின் அவர்கள் தொழில் வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர்கள் சுமப்பது வீடு உள்ளவனின் சாப்பாடு. பதினைந்து நாள் விருந்தாளிக்கு அதில் பங்கு இல்லை. வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம்.

காசே தீர்ந்துபோனால்? எங்களுக்கு அந்த நிலை பதிமூன்றாம் நாள் வந்தது. பெரியப்பாவிடம் கேட்கக் கூச்சம். தாதர் கிழக்கில் அம்பேத்கர் ரோட்டில் குருத்வாரா இருக்கிறது. தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, கை கால் கழுவி, தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டி, பருப்பு. யார், எந்த ஊர், என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சைகையில் காட்டினார். சாப்பிட்டதும் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நாலு பேரும் ஒரு மணி நேரம் நின்று கழுவினோம். கழுவச் சொல்லி யாரும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தபோது பெரியப்பா, "அங்கன போனியளா, நல்லதுதான். ஆனா எங்கிட்ட கேக்காம போனது தப்புலே" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசி நாள் தாதர் ஸ்டேஷனில் ரயிலுக்கு முக்கால் மணி இருந்தது. சேலத்துக்காரன் எங்களை மூட்டை பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே ஓடினான். வண்டி முன் வரிசையில் நின்று, வடை எண்ணெயிலிருந்து எடுக்கிற வரைக்கும் காத்திருந்து, எட்டு வடா பாவ் வாங்கினான். "ஹரா சட்னி நஹி. சிர்ஃப் சுக்கா" என்று அவன் சொன்னதைப் பாலத்தின் மேலிருந்து நாங்கள் கேட்டோம்.